வாழைப்பழத்தில் மொய்க்கும் ஈ சொல்லித் தந்த பாடம்



வாழைப்பழச் சீப்பொன்று கொஞ்சம் கூடுதலாகக் கனிந்துவிட்டால் எங்கிருந்தோ சின்னஞ்சிறு ஈக்கள் வந்து மொய்க்கும். கையை வீசி விரட்டிவிட்டு நாம் எமது வேலையைப் பார்ப்போம். இந்தப் பழ ஈயை நூறு வருடங்களுக்கும் மேலாக உலகம் முழுவதும் ஆராய்ந்து வருகிறார்கள் என்று வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள். "இதனால் யாருக்கு என்ன பிரயோசனம்?" என்று கேட்பார்கள். பெற்றோரும் அதையேதான் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு ஒரு வரலாற்றைச் சொல்லிப் பதில் தரலாம் என்று நினைத்தோம்.

முதலில் விடயத்தைப் பார்ப்போம். எமது கால்விரலை அசைக்கும் நரம்புக் கலத்தின் உடல் இருப்பது முள்ளந்தண்டின் கீழ்ப்பகுதியில். அங்கிருந்து அக்சன் எனப்படும் மெல்லிய இழை பாதம் வரை போகிறது. வளர்ந்த மனிதரில் அது ஏறக்குறைய ஒரு மீற்றர் நீளம். ஆனால் அந்த இழைக்குத் தேவையான புரதங்களில் பெரும்பாலானவை மேலே, கலவுடலில்தான் உற்பத்தியாகின்றன. அப்படியென்றால் அவை பாதம் வரை எப்படிப் போய்ச் சேர்கின்றன?

ருவான்வெல்லைக் கடைகளுக்குச் சாமான் வருவதும் இப்படித்தான். கொழும்பில் ஏற்றும் லொறி அவிசாவளை தாண்டி இங்கே வரவேண்டும். மழைக்காலத்தில் பாதையில் மண் சரிந்தால் கொழும்பில் சாமான் குவிந்து கிடக்கும், இங்கே கடை வெறுமையாக இருக்கும். நரம்பிலும் இதுதான் நடக்கிறது என்பதை 1948 ஆம் ஆண்டு சிக்காகோவில் போல் வைஸ் என்பவர் காட்டினார். விலங்கொன்றின் நரம்பை ஓரிடத்தில் இறுக்கிவிட்டுக் காத்திருந்தார். கலவுடல் இருக்கும் பக்கம் நரம்பு வீங்கியது, மறுபக்கம் மெலிந்தது. இறுக்கத்தைத் தளர்த்தியதும் தேங்கி நின்றது மெதுவாகக் கீழ்நோக்கி நகர்ந்தது. வேகம் நாளொன்றுக்கு ஒன்றிரண்டு மில்லிமீற்றர். நாளுக்கு ஒரு மில்லிமீற்றர் வீதம் ஒரு மீற்றரைக் கடக்க 1000 நாட்கள் வேண்டும், கிட்டத்தட்ட மூன்று வருடங்கள்! இதைவிட வேகமான போக்குவரத்தும் உண்டு என்று பின்னர் தெரிந்தது. நாளுக்கு 400 மில்லிமீற்றர் வரை போகும் பொதிகளும் இருக்கின்றன.

இந்த வரலாற்றில் எமது பிராந்தியத்துக்கும் ஓர் இடம் உண்டு. உத்தரப் பிரதேசத்தின் பஸ்தியில் 1932 இல் பிறந்தவர் உபைத் சித்தீக்கி. அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் கற்று, கிளாஸ்கோவில் கலாநிதிப் பட்டம் பெற்றார். 1962 இல் ஹோமி பாபாவின் அழைப்பில் மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்துக்கு வந்து மூலக்கூற்று உயிரியல் பிரிவை ஆரம்பித்தார். 1970 களில் அமெரிக்க விஞ்ஞானி சீமோர் பென்சருடன் சேர்ந்து பழ ஈயின் நரம்புகளை ஆராய்ந்தார். சாதாரண நேரத்தில் நன்றாகப் பறந்து திரிந்து, வெப்பம் கூடியதும் செயலிழந்து விழும் ஈக்களை அவர்கள் தேடினார்கள். அப்படிக் கிடைத்த விகாரம் ஒன்றுக்கு 'மயக்கம்' என்று பொருள்படும் பெயரை வைத்தார்கள். 1976 இல் அந்த ஆய்வு வெளியானது.

அந்த ஈயில் பழுதடைந்திருந்தது எது என்பது 1995 இல்தான் தெரிந்தது. நரம்பு முனைக்கு வந்து சேரும் சிறு பைகள் தமது இரசாயனத்தை வெளிவிடுவதற்கு அவசியமான ஒரு புரதம் அது. ஒரு கேள்விக்கும் அதன் விடைக்கும் இடையில் எத்தனை வருடங்கள் என்று கணக்கிட்டுப் பாருங்கள்.

இடையில் 1985 இல் வேறொரு கதவு திறந்தது. ரொனால்ட் வேல், தோமஸ் ரீஸ், மைக்கேல் ஷீட்ஸ் ஆகியோர் கணவாயின் பெரிய அக்சனை ஆராய்ந்து, பொதி சுமக்கும் 'லொறியை'க் கண்டுபிடித்தார்கள். அதற்குக் கைனசின் என்று பெயரிட்டார்கள். அதுவும் ஒரு புரதம்தான். நுண்புன்குழாய் என்ற பாதையில் இரண்டு கால்களால் நடப்பதுபோல அது நகர்கிறது. ஓர் அடி வெறும் 8 நனோமீற்றர். ஒரு மில்லிமீற்றர் போக 125,000 அடிகள் வைக்க வேண்டும்.

இந்த லொறி ஓடாவிட்டால் என்ன ஆகும்? அதைக் காட்டியது பழ ஈ. 1990 களில் வில்லியம் சாக்ஸ்டன் குழுவினர் கைனசின் பரம்பரையலகு பழுதான ஈக் குடம்பிகளை ஆராய்ந்தார்கள். அவற்றின் அக்சன்களில் பொதிகள் நெரிசலாகத் தேங்கி நின்றன. குடம்பியின் தலைப்பக்கம் ஓரளவு இயங்க, வால்பக்கம் செயலிழந்தது. மிக நீளமான நரம்புகள் போவது வாலுக்குத்தானே.

1999 இல் கிருஷாணு ராய் முதலானோர் இன்னொரு வகைக் கைனசினைப் பற்றி எழுதினார்கள். அசற்றைல்கோலின் தயாரிக்கும் நொதியத்தை ஈயின் அக்சன் வழியே கொண்டு செல்ல அந்த வகை தேவை என்று காட்டினார்கள். அது இல்லாத ஈயில் நொதியம் கலவுடலிலேயே தேங்கிவிடுகிறது. பின்னர் அவர் ஆய்வைத் தொடர்ந்தது, சித்தீக்கி அன்று உயிரியலுக்கு வித்திட்ட அதே மும்பை நிறுவனத்தில். அந்த நொதியம் கைனசினின் வால் பகுதியைப் பற்றிக்கொள்வதாலேயே நரம்பு முனையை நோக்கித் தள்ளப்படுகிறது என்று அவரது குழு 2012 இல் காட்டியது.

இப்போது பிரயோசனத்துக்கு வருவோம். சில குடும்பங்களில் பரம்பரையாக ஒரு நோய் வரும். கால்கள் மெல்ல மெல்ல விறைத்து, நடை தளர்ந்து போகும். அத்தகைய குடும்பங்கள் சிலவற்றில் பழுதடைந்திருப்பது கைனசின் பரம்பரையலகு என்று 2002 இல் கண்டறிந்தார்கள். ஈயின் வாலுக்கு நேர்ந்ததும் மனிதரின் காலுக்கு நேர்ந்ததும் ஒரே வகைக் கோளாறு. ஈயைப் பார்த்துச் சிரித்திருந்தால் அந்தக் குடும்பங்களுக்கு என்ன நடந்தது என்று விளங்கியிருக்காது. எம்மில் எத்தனையோ வீடுகளில் சீனி வருத்தத்தால் உம்மாவுக்கோ வாப்பாவுக்கோ முதலில் பாதம்தான் மரத்துப் போகிறது. அங்கேயும் மிக நீளமான நரம்புகளே முதலில் அடிபடுகின்றன. இந்தப் போக்குவரத்துத் தடையும் அதற்கு ஒரு காரணமா என்று இன்றும் ஆராய்கிறார்கள்.

சித்தீக்கி பின்னாளில் பெங்களூரில் தேசிய உயிரியல் விஞ்ஞான நிலையத்தைக் கட்டியெழுப்பினார். 2006 இல் பத்ம விபூஷண் விருது பெற்றார். 2013 இல் வீதி விபத்தொன்றில் காயமடைந்து தனது 81 ஆவது வயதில் காலமானார்.

அன்பான பெற்றோரே, எமது பிள்ளைகளில் விஞ்ஞானம் படிக்க விரும்புவோர் ஏராளம். வைத்தியர், பொறியியலாளர் என்ற இரண்டு பெயர்களை மட்டும்தான் நாம் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். அந்த இரண்டும் கைகூடாவிட்டால் விஞ்ஞானமே போய்விட்டது என்று பிள்ளை மனமுடைந்து போகிறது. மூன்றாவது ஒரு பெயரும் உண்டு, ஆராய்ச்சியாளர். அலிகரில் படித்த ஒருவரால் முடிந்தது, தோட்டப் பாடசாலையிலோ எமது முஸ்லிம் பாடசாலையிலோ படிக்கும் பிள்ளைக்கும் முடியும், இன்ஷா அல்லாஹ். இன்று உங்கள் பிள்ளை ஓர் ஈயையோ எறும்பையோ உற்றுப் பார்த்துக் கேள்வி கேட்டால், "போய்ப் படி" என்று விரட்டிவிடாதீர்கள். கொஞ்ச நேரம் பக்கத்தில் இருந்து நீங்களும் சேர்ந்து பாருங்கள்.