தங்க அட்டையும் லாஸ்பேட்டை ஓடுபாதையும்

அடிக்கடி பறப்பவருக்கு மைல் கணக்கு எழுதும் திட்டத்தை 1981 மே மாதம் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் ஆரம்பித்தது. வெள்ளி, தங்கம், பிளாட்டினம் எல்லாம் பின்னால் வந்தவை (நகைக்கடை போர்டு மாதிரி!).

மைல் வேறு, அந்தஸ்து வேறு. மைல் சேமிப்பு, டிக்கெட்டாக மாற்றலாம். அந்தஸ்து என்பது அடுத்த வருடம் கிடைக்கப்போகும் மரியாதை: லவுஞ்சு, தனி க்யூ, கூடுதல் பெட்டி. தங்கத்துக்கு இன்னும் இரண்டே பயணம்தான் பாக்கி என்றால், வேலையில்லாமலே பறக்கலாமா என்று சபலம் தட்டும்.

ஆனால் அடுத்த வருடம் அந்தக் கம்பெனி இருக்க வேண்டுமே! கிங்ஃபிஷர் 2012 அக்டோபரில் நின்றது. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17 இரவு கடைசியாகப் பறந்தது. ஜெட்பிரிவிலேஜ் மைல்கள் தப்பின, காரணம் அது எதிஹாட் பெரும்பங்கு வைத்திருந்த தனிக் கம்பெனி. அதே வருடம் இன்டர்மைல்ஸ் என்று பெயர் மாறியது. பிளாட்டினம் அட்டைக்காரருக்கோ முதலில் ஏற்றிவிட விமானமே இல்லை.

புதுச்சேரிக்காரர் கதை இன்னும் தமாஷ். லாஸ்பேட்டையில் ஓடுபாதை சின்னது, ஏடிஆர் ரக விமானம்தான் வரும். ஸ்பைஸ்ஜெட் 2013-ல் பெங்களூருக்கு ஓட்டி 2014-ல் நிறுத்தியது. 2017-ல் ஹைதராபாத்துக்கு வந்து 2024-ல் மறுபடி போய்விட்டது. அந்த டிசம்பரில் இண்டிகோ வந்தது. இதில் யாருக்கு விசுவாசம் காட்டுவது?

ஆபீஸ் காசில் மாதாமாதம் பறப்பவர் துரத்தட்டும். பாரிஸில் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இரண்டு வருடத்துக்கு ஒரு பயணம், அதுவும் சென்னை போய்த்தான். அவர்களுக்கு மலிவான டிக்கெட்டும், ஊறுகாய்க்கு இடமுள்ள பெட்டியும் போதும்.