ஏட்டிலிருந்து எழுந்த யாழ்

மட்டக்களப்பு வாவியில் முழுநிலா நாள்களில் கல்லடிப் பாலத்தருகே தோணியை நிறுத்தி, நீரில் அமிழ்த்திய துடுப்பின் மறுமுனையிற் செவியை வைத்தால், மெல்லிய ஓசையொன்று கேட்கும் என்பர். மீன் பாடுகின்றது என்பது ஊர் வழக்கு. இவ்வோசையைப் பொருளாகக் கொண்டு நீரரமகளிர் இன்னிசைப் பாடலை இயற்றிய விபுலாநந்த அடிகளாரே, வழக்கொழிந்த யாழை மீளவும் ஒலிக்கச் செய்ய முயன்றவர்.

அன்றைய மட்டக்களப்பு மாவட்டத்துக் காரைதீவில் 1892 இல் பிறந்த அடிகளார், 1916 இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதராகவும் 1920 இல் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரியாகவும் தேறினார். இவ்விரு கல்வியும் ஒருங்கே அமைந்தமையே அவரது யாழாராய்ச்சிக்கு அடிப்படையாயிற்று.

வீணையில் ஒரே தந்தி, மெட்டுக்களின்மேல் அழுத்தப்பட்டுப் பல சுரங்களைத் தரும். யாழிலோ நரம்புக்கு ஓர் இசையே உண்டு. பேரியாழுக்கு 21 நரம்பு, செங்கோட்டியாழுக்கு 7 நரம்பு என உரையாசிரியர் கூறுவர். ஆயினும் பார்த்துச் செய்வதற்குப் பழைய யாழ் ஒன்றேனும் தமிழகத்தில் எஞ்சவில்லை. சிலப்பதிகார அரங்கேற்று காதையும் அதற்கு அடியார்க்குநல்லார் வகுத்த உரையுமே அடிகளாருக்கு முதன்மைச் சான்றுகளாயின. குரல் முதலிய ஏழிசைக்கும் பகுக்கப்பட்ட 22 அலகுகளை அவர் கணித முறையால் ஆராய்ந்தார். நரம்பின் சரிபாதி ஒலித்தால் மேற்குரலும், மூன்றில் இரண்டு பங்கு ஒலித்தால் இளியும் பிறக்கும் என்னும் ஒலியியல் உண்மை, செய்யுளின் பொருளைச் சோதிக்கும் அளவுகோலாயிற்று. இத்துறையில் அவருக்கு முன்னோடியாக விளங்கிய தஞ்சை ஆபிரகாம் பண்டிதர், 1917 இல் வெளியிட்ட கருணாமிர்த சாகரத்தில் 24 சுருதிகளை நிலைநாட்ட முயன்றவர். ஒரே சான்றுகளை ஆராய்ந்த இருவர் வெவ்வேறு முடிவு கண்டமை, ஏட்டுச்சான்று மட்டும் போதாது என்பதையே உணர்த்துகின்றது.

ஏறத்தாழ 14 ஆண்டு உழைப்பின் பயனாகிய யாழ் நூல், கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் சார்பில் 1947 யூன் மாதத்தில் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அரங்கேறியது. நூல் அரங்கேற்றத்தோடு அவ்விழா அமையவில்லை. அடிகளாரின் கணக்கின்படி அமைக்கப்பட்ட முளரியாழ், சுருதி வீணை முதலிய கருவிகளும் அவைக்கு வந்தன, க. பொ. சிவானந்தம் பிள்ளை அவற்றை இசைத்துக் காட்டினார். கணக்கிற் கண்டதைச் செவியால் தேறுதல் வேண்டும் என்பதே அதன் கருத்து. எனவே அதனை விழாச் சடங்காகவன்றி, ஆய்வின் இறுதிப் படியாகக் கொள்வதே பொருத்தமாகும்.

ஆயின் அடுத்த மாதமே, யூலை 19 ஆம் நாள், அடிகளார் மறைந்தார். நூல் அறிஞரிடையே நின்று நிலவ, கருவியோ இசையரங்குகளில் வேரூன்றவில்லை. பண்ணை ஆளத்தி செய்யும் கலைஞன் முன்னரே எழுதிவைத்ததை ஒப்பிப்பதில்லை. அந்தந்தக் கணத்தில் இசையை வளர்த்துச் செல்கின்றான். அவ்வாறு நாள்தோறும் பழகும் கை இல்லாதபோது, புதிதாகச் செய்த கருவியின் குறையும் நிறையும் வெளிப்படுவதற்கு இடமில்லை. அதனைத் திருத்தி வளர்ப்பதற்கும் வழியில்லை.

அண்மை ஆண்டுகளில் சென்னையில் தருண் சேகர் என்னும் கருவிக் கைவினைஞர் யாழைச் செய்து இசைத்தும் வருகின்றார். இத்தகைய முயற்சிகள் பெருகுமாயின், 1947 இல் தொடங்கி இடையறுந்த சோதனை தொடரும். யாழ் நூலைப் போற்றுவோர் அதன் பக்கங்களைப் படிப்பதோடு அமையாது, அதன் கணக்கை நரம்பிலேற்றிக் கேட்டுப் பார்த்தலும் வேண்டும். தாம் கண்ட முடிவை அவையின் செவிக்கு ஒப்படைத்த ஆசிரியருக்கு அதுவே தக்க மதிப்பாகும்.