குளக்கட்டும் கூட்டுக் கடமையும்

குளங்கட்டியோரை வரலாறு போற்றும். காத்தோரை அது பேசுவதில்லை. ஆயினும் மண்ணாலான குளக்கட்டு காவலின்றி நிலைப்பதில்லை. மரவேரும் கறையான் புற்றும் உண்டாக்கும் சிறு துவாரம் நீர்க்கசிவாய் வளர்ந்து கட்டையே உடைத்துவிடும். இலங்கையின் உலர்வலயக் கிராமங்களில், மாரிக்கு முன் கட்டைத் திருத்துவது கமக்காரர் ஒவ்வொருவரதும் பங்காயிருந்தது.

1832இல் இராசகாரிய முறை ஒழிக்கப்பட்டது. கட்டாய ஊழியத்தினின்று மக்கள் விடுபட்டமை நன்றே. எனினும் அதனோடு கூட்டுக் கடமையும் தளர்ந்து, சிறு குளங்கள் பல தூர்ந்தன என்பர். பழைய வழமைகளை மீட்கவே 1856இல் நீர்ப்பாசனச் சட்டம் இயற்றப்பட்டது.

குளக்கோட்டன் கட்டியதென மரபு கூறும் கந்தளாய்க் குளம் 1986 ஏப்ரல் 20 அதிகாலை உடைப்பெடுத்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். கட்டியவன் புகழ் கட்டைக் காக்கவில்லை. பெருங்குளத்துக்கே இக்கதியெனின், சிற்றூர்க் குளத்தின் கட்டை ஆண்டுதோறும் பார்ப்பவர் யார் என்பதை நாம் வினவுதல் வேண்டும்.