பெல்ட் அறுந்தால்...

போன மாதம் அக்காவின் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தேன். பாதி வழியில் 'டப்' என்று ஒரு சத்தம். அதற்கப்புறம் எவ்வளவு முறுக்கினாலும் இன்ஜின்தான் கத்துகிறது, வண்டி நகரவில்லை. வேர்க்க விறுவிறுக்கத் தள்ளிக்கொண்டு போய் ஒரு மெக்கானிக் கடையில் நிறுத்தினேன். அவர் இடப்பக்க மூடியைக் கழற்றியதும் உள்ளே நார் நாராகக் கிழிந்த ஒரு ரப்பர் பெல்ட்டும் ஒரு கைப்பிடி கறுப்புத் தூளும் இருந்தன. "கியர் இல்லாத வண்டி தம்பி. இதுல எல்லாமே இந்த பெல்ட்டுதான்" என்றார்.

வீட்டுக்கு வந்து அந்த பெல்ட்டைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். அது என்னைக் கனடாவின் பனிக்காட்டில் கொண்டுபோய் விட்டது. ஃப்ரிட்ஜில் மட்டுமே பனியைப் பார்த்த ஒரு பி.காம். மாணவன் ஸ்னோமொபைல் வரலாறு எழுதுவது கொஞ்சம் ஓவர்தான். பொறுத்துக்கொள்ளுங்கள் நண்பர்களே.

ஸ்னோமொபைல் என்பது பனியில் ஓடும் மோட்டார் சைக்கிள் மாதிரி. முன்னால் சக்கரத்துக்குப் பதில் இரண்டு சறுக்குக் கட்டைகள், பின்னால் டாங்கிக்கு இருப்பதுபோல் சுற்றிச் சுழலும் அகலமான ரப்பர் டிராக். இதன் கதை கனடாவின் க்யூபெக் மாகாணத்தில் வால்கூர் என்ற சிற்றூரில் தொடங்குகிறது. அங்கே 1907-ல் பிறந்தவர் ஜோசஃப் அர்மாண்ட் பொம்பார்டியர். 15 வயதில், 1922-ல், பழைய ஃபோர்டு கார் இன்ஜினை ஒரு சறுக்கு வண்டியில் பூட்டி, பின்னால் விமான விசிறி மாதிரி ஒன்றை மாட்டி ஊருக்குள் ஓட்டினார். விசிறிக்கு மூடி கிடையாது. அப்பா பார்த்துவிட்டு உடனே பிரித்துப் போடச் சொன்னாராம். எந்த ஊராக இருந்தால் என்ன, அப்பாக்கள் அப்பாக்கள்தானே!

ஆனால் விளையாட்டு வினையானது 1934 குளிர்காலத்தில். அவருடைய இரண்டு வயது மகன் இவானுக்குக் குடல்வால் அழற்சி. ஆஸ்பத்திரி தூரத்தில். பாதையெல்லாம் பனி. அப்பா செய்துகொண்டிருந்த பனி வண்டி இன்னும் முடியவில்லை. குழந்தை இறந்துபோனது.

1937-ல் டிராக்கைச் சுழற்றும் பல்சக்கர அமைப்புக்குக் காப்புரிமை வாங்கினார். ஏழு பேர், பன்னிரண்டு பேர் உட்காரும் பெரிய பனி வண்டிகள் வந்தன. டாக்டர், தபால், பள்ளிப் பிள்ளைகள் எல்லாம் அதில்தான் போனார்கள். வியாபாரம் நன்றாக நடந்த நேரத்தில், 1948-ல் க்யூபெக் அரசு கிராமச் சாலைகளிலும் பனியை அகற்ற வேண்டும் என்று சட்டம் போட்டது. மக்களுக்கு நல்லது, பொம்பார்டியருக்கு அடி. சாலையில் பனி இல்லை என்றால் பனி பஸ் எதற்கு? விற்பனை சரிந்தது. இனி சாலையே இல்லாத இடத்துக்குப் போகிற, ஒருவர் இருவர் ஏறும் சின்ன வண்டிதான் வழி.

அப்படி 1959-ல் வந்ததுதான் ஸ்கீ-டூ. முதல் பருவத்தில் 225 வண்டிகள் விற்றன. நான்கே வருடத்தில் ஆண்டு விற்பனை 8,000-ஐத் தாண்டியது.

சின்ன வண்டிக்கு ஒரு பெரிய சிக்கல் உண்டு. புதைபனியில் கியர் மாற்ற கிளட்சைப் பிடித்தால் வேகம் விழும், வேகம் விழுந்தால் வண்டி புதையும். அதற்கு விடை ஏற்கெனவே வேறு இடங்களில் இருந்தது. அமெரிக்காவில் மில்டன் ரீவ்ஸ் 19-ஆம் நூற்றாண்டிலேயே அகலம் மாறும் புல்லியைச் செய்துவிட்டார். 1930-களின் கடைசியில் கலிஃபோர்னியாவின் சால்ஸ்பரி ஸ்கூட்டரில் அது தானாகவே வேலை செய்தது. 1958-ல் ஹாலந்தின் டாஃப் நிறுவனம் காரிலேயே வைத்தது. (அந்த காரைப் பின்னோக்கியும் அதே வேகத்தில் ஓட்டலாம். ஹாலந்துக்காரர்கள் அதற்கு ரிவர்ஸ் ரேஸே நடத்தினார்கள்!) 1960-களில் ஸ்னோமொபைல்களுக்கு இந்த முறைதான் வழக்கமானது. 1984-ல் கைனடிக் ஹோண்டா மூலம் நம் ஊர் ஸ்கூட்டருக்கு வந்ததும் இதன் தம்பிதான்.

வேலை செய்யும் விதம் எளிது. இரண்டு கிளட்சுகள், நடுவில் V வடிவ பெல்ட். ஒவ்வொரு கிளட்சும் முகம் பார்த்து நிற்கும் இரண்டு கூம்புத் தட்டுகள். இன்ஜின் வேகமெடுத்தால் முன் கிளட்சில் உள்ள எடைகள் வெளியே வீசப்பட்டுத் தட்டுகளை நெருக்கும். பெல்ட் மேலே ஏறும். அதே நேரம் பின் கிளட்சில் தட்டுகள் விலகி பெல்ட் கீழே இறங்கும். கியர் மாறிவிட்டது! மேட்டில் பாரம் கூடினால் பின் கிளட்சின் சாய்வான கேம் தட்டுகளை மறுபடி நெருக்கி பெல்ட்டை மேலே தூக்கும்.

ஆக, மொத்த சக்தியும் ரப்பரின் இரண்டு பக்கவாட்டு உரசலில் போகிறது. அதனால்தான் பராமரிப்பு என்றால் முக்கால்வாசி இந்த உரசலைக் காப்பதுதான். தட்டுகளில் ரப்பர் தூள் படிந்தால் பெல்ட் வழுக்கும். வழுக்கினால் சூடு, சூட்டில் இன்னும் தூள். எனவே தட்டுகளை ஆல்கஹால் தொட்டுத் துடைப்பார்கள். எண்ணெய், கிரீஸ் பக்கத்திலேயே வரக்கூடாது. இரண்டு கிளட்சும் ஒரே நேர்கோட்டில் இல்லையென்றால் பெல்ட் ஒரு பக்கமாகத் தேயும். பெல்ட்டின் அகலத்தை அளந்து, கம்பெனி சொன்ன அளவுக்குக் கீழே போனால் மாற்றிவிட வேண்டும்.

எனக்குப் பிடித்தது காலையில் செய்யும் ஒரு வேலை. இரவில் டிராக் தரையோடு உறைந்து ஒட்டிக்கொள்ளும். தெரியாமல் முறுக்கினால் முன் கிளட்ச் சுற்றும், பெல்ட் நகராது. ஒரே இடத்தில் உரசி, அங்கே மட்டும் இடுப்பு மாதிரி மெலிந்துவிடும். பிறகு எப்போது வேண்டுமானாலும் அறுந்துபோகலாம். அதனால் கிளம்பும் முன் வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கி ஆட்டி டிராக்கை விடுவிக்கிறார்கள். மாடு கிளப்பும் முன் தட்டிக்கொடுப்பதுபோல.

நாங்கள் வகுப்பில் தேய்மானத்தை நேர்கோட்டு முறையில் வருடத்துக்கு இவ்வளவு என்று கழிப்போம். இந்த பெல்ட்டுக்கு அந்தக் கணக்கு செல்லாது. கவனமாக ஓட்டினால் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வரும், கவனமில்லாத ஒரு காலையில் மொத்தமும் போகும்.

1968 ஏப்ரல் 19-ல் ரால்ஃப் ப்ளேஸ்டெட் குழு ஸ்கீ-டூ வண்டிகளில் வட துருவத்தை அடைந்தது. அமெரிக்க விமானப்படை விமானம் அதை உறுதிசெய்தது. ப்ளேஸ்டெட் யார் தெரியுமா? இன்ஷூரன்ஸ் ஏஜென்ட்! காமர்ஸ்காரர்களுக்குக் கொஞ்சம் பெருமை.

எல்லோருக்கும் அப்படி அமையவில்லை. வடகிழக்கு ஃபின்லாந்தில் கலைமான் மேய்க்கும் ஸ்கோல்ட் சாமி மக்களிடம் (நம் ஊர் சாமி இல்லை) 1960-களில் ஸ்னோமொபைல் வந்து சேர்ந்ததை பெர்ட்டி பெல்ட்டோ என்ற மானிடவியலாளர் 1973-ல் புத்தகமாகவே எழுதினார். அதுவரை வண்டியை இழுத்தது கலைமான். அதற்கு உணவு காட்டிலேயே கிடைக்கும். புது வண்டிக்குப் பெட்ரோலும் உதிரிபாகமும் காசு கொடுத்து வாங்க வேண்டும். காசு இருந்தவர்கள் மந்தையோடு நின்றார்கள். இல்லாதவர்கள் மேய்ச்சலை விட்டே விலக நேர்ந்தது. வேகமான வண்டி என்று வாங்கியது, கூடவே ஒரு செலவுக் கணக்கையும் கொண்டுவந்துவிட்டது.

இன்றும் ஸ்னோமொபைலில் ஒரு ஸ்பேர் பெல்ட் இல்லாமல் தூரம் போகமாட்டார்கள். புது பெல்ட்டை முதலில் கொஞ்ச தூரம் மெதுவாக ஓட்டிப் பழக்கி, பிறகு கழற்றி ஸ்பேராக வைப்பவர்களும் உண்டு. மெக்கானிக் இல்லாத இடத்தில், கையுறையைக் கழற்றினால் விரல் மரத்துப்போகும் குளிரில், மாற்றப்போவது அவர்களேதானே.

இதையெல்லாம் படித்த வேகத்தில் அக்காவிடம், "கடைசியா பெல்ட் எப்ப மாத்தின?" என்று கேட்டேன்.

"அதுல பெல்ட்டு வேற இருக்காடா?" என்றாள்.