டார்வினுக்குக் கிடைத்த பரிந்துரை

மேற்படிப்புக்கு விண்ணப்பிக்க எண்ணும் மாணவரே! ஆய்வுப் பயிற்சியா, பரிந்துரைக் கடிதமா, எதை முதலில் தேடுவது என்று குழம்புகிறீர்களா? டார்வினின் வாழ்க்கை இதற்கு விடை தருகிறது.

1831இல் கேம்பிரிட்ஜில் பட்டப் படிப்பை முடித்தபோது அவருக்கு வயது 22. தாவரவியல் பேராசிரியர் ஹென்ஸ்லோவின் விரிவுரைகளை விரும்பிக் கேட்டவர். அவரோடு நெடுந்தொலைவு நடந்து செடிகளையும் பூச்சிகளையும் ஆராய்ந்தவர். அவ்வாண்டு ஆகஸ்டில் நிலவியல் பேராசிரியர் செட்ஜ்விக்குடன் வட வேல்ஸ் மலைகளில் சுற்றி, பாறைகளை ஆராயும் முறையைக் கற்றார்.

ஆகஸ்டு 29ஆம் நாள் வீடு திரும்பியதும் ஹென்ஸ்லோவின் கடிதம் காத்திருந்தது. ‘பீகிள்’ கப்பற்பயணத்துக்கு டார்வினைப் பரிந்துரைத்திருந்தார் அவர். அதில் வீண் புகழ்ச்சி இல்லை. டார்வின் முழுமை பெற்ற இயற்கை அறிஞர் அல்லர். ஆயினும் மாதிரிகளைச் சேகரிக்கவும், கூர்ந்து நோக்கவும், புதியவற்றைக் குறித்து வைக்கவும் தகுதி வாய்ந்தவர் என்பதே அதன் சாரம். உடனிருந்து பார்த்தவரால்தான் இவ்வாறு எழுத முடியும்.

தந்தை மறுத்தார்; தாய்மாமன் வெட்ஜ்வுட் பரிந்து பேசி இசைவு பெற்றுத் தந்தார். டிசம்பர் 27இல் கப்பல் புறப்பட்டது. 1859இல் ‘உயிரினங்களின் தோற்றம்’ வெளிவந்தது.

ஆகவே மாணவரே, முதலில் வேலையைக் கற்றுக்கொள்ளுங்கள். பிறகு, பெரிய பதவியில் இருப்பவரைவிட, உங்கள் வேலையை அருகிலிருந்து கண்டவரிடமே கடிதம் கேளுங்கள்.