சென்னை மாநகரப் பேருந்தில் கைமாறும் பயணச்சீட்டு

சென்னை மாநகரப் பேருந்துகளில் பின்படியருகே நடத்துநருக்கெனத் தனி இருக்கை உண்டு. கூட்டம் மிகுந்த வேளையில் பயணி அவரிடம் செல்ல இயலாது. பணம் மட்டும் செல்லும். முன்பக்கம் நிற்பவர் இறங்குமிடத்தைச் சொல்லிப் பணத்தை அருகிலிருப்பவரிடம் கொடுப்பார். அது பல கைகள் மாறி நடத்துநரை அடையும். சீட்டும் மீதிச் சில்லறையும் அதே வழியில் திரும்பி வரும். முன்பின் அறியாதவர்கள் ஒருவரையொருவர் நம்புவதால் நிலைத்த வழக்கம் இது.

நகரில் 1895 முதல் ஓடிய மின்சார டிராம் 1953 ஏப்ரலில் நிறுத்தப்பட்டது. அதன்பின் பேருந்துகளையும் புறநகர் ரயில்களையும் மக்கள் பெரிதும் சார்ந்திருந்தனர். 1972இல் பல்லவன் போக்குவரத்துக் கழகம் உருவானது. இன்றைய மாநகர் போக்குவரத்துக் கழகம் அதன் தொடர்ச்சியாகும்.

2021 மே 8 முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் நீக்கப்பட்டது. வீட்டு வேலைக்கும் பூ வியாபாரத்துக்கும் செல்லும் பெண்கள் பேருந்துக்காக எடுத்துவைத்த காசு வேறு செலவுக்கு மிஞ்சியது. அவர்களுக்குரிய கட்டணமில்லாச் சீட்டும் கூட்டத்தில் கைமாறியே வருகிறது.

சென்னையில் மெட்ரோ ரயில் 2015 ஜூன் 29 அன்று கோயம்பேடு–ஆலந்தூர் இடையே தொடங்கியது. 2017 மே மாதத்தில் திருமங்கலம்–நேரு பூங்கா சுரங்கப்பாதையிலும் ரயில்கள் ஓடின. அங்கு அட்டையை வைத்தால் வாயில் திறக்கும்; சக பயணியின் உதவி தேவையில்லை. அண்மையில் பேருந்துகளிலும் கைப்பேசி வழிக் கட்டணம் வந்துள்ளது. ஆயினும் நெரிசல் மிகுந்த தடங்களில், “ஒரு டிக்கெட் பாஸ் பண்ணுங்க” என்னும் குரல் இன்றும் கேட்கிறது.