உப்பும் சங்கமும்: திருப்பூர் சாயத்தொழிலில் விதி உருவான விதம்

தொழில் அமைப்புகள் சுற்றுச்சூழல் விதிகளை மாற்றுவது மனு, வழக்கு, அமைச்சர் சந்திப்பு ஆகியவற்றின் மூலம்தான் என்ற எண்ணம் பரவலானது. திருப்பூர் சாயப்பட்டறை உரிமையாளர்களின் வரலாறு இதற்கு முழுவதும் இடம் தரவில்லை. அங்கே உரிமையாளர் சங்கம் நீதிமன்றத்தில் தோற்றது. அதன் சொல் எடுபட்டது, உறுப்பினர்களே பங்குதாரர்களாக இருந்து நடத்தும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில்.

சிக்கலின் மையம் சாயம் அன்று, உப்பு. பருத்தித் துணியில் சாயம் ஏற, சாயத் தொட்டியில் உப்பைக் கொட்டியாக வேண்டும். சாயம் நூலில் ஒட்டிக்கொள்ளும். உப்பு தண்ணீரிலேயே நின்றுவிடும். வழக்கமான சுத்திகரிப்பு நிறத்தை நீக்குமே தவிர, கரைந்த உப்பைத் தொடாது. கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்ற வரம்பு இதனால் ஏட்டளவில் நின்றது. பாசனத்துக்காக நொய்யலில் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தேக்கமானது.

நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகளின் வழக்கில் 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் கழிவுநீரை அறவே வெளியேற்றாத நிலையை எட்டக் கெடு விதித்தது. அதுவரை வெளியேற்றும் நீருக்கு லிட்டர் கணக்கில் காசு கட்டச் சொன்னது. சங்கத்தின் மேல்முறையீட்டை 2009-இல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. கெடு நிறைவேறாததால் 2011 ஜனவரியில் பட்டறைகளை மூட உத்தரவு வந்தது. மின் இணைப்புகள் துண்டிக்கப்பட்டன.

விதியை எதிர்ப்பதில் பயனில்லை என்றானபின், விவாதம் அதை எப்படி நிறைவேற்றுவது என்பதற்கு நகர்ந்தது. கழிவுநீரை அழுத்தத்தில் சவ்வு வழியே செலுத்தும் எதிர்சவ்வூடு பரவலில் நல்ல நீர் பிரிந்துவிடும். எஞ்சும் அடர் உப்புநீரைக் கொதிக்கவைத்து வற்றச் செய்ய எரிபொருள் செலவு தாளாது. அந்த உப்புநீரையே பட்டறைக்குத் திருப்பி அனுப்பினால் செலவு குறையும். ஆனால் ஒரு பட்டறை சாதா உப்பையும் அடுத்தது சோடியம் சல்பேட்டையும் போட்டால், மீளும் உப்புநீர் இருவருக்கும் உதவாது. எந்த உப்பை வாங்குவது என்ற, முதலாளியின் தனிச்செலவுக் கணக்காயிருந்த முடிவு, இப்படிப் பொதுமுடிவாயிற்று. அரசு ஆணையால் பிறந்திருக்க முடியாத கட்டுப்பாடு இது. மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அதிகாரி குழாய் முனையைத்தான் சோதிப்பார். பக்கத்துப் பட்டறைக்காரர் உப்பு மூட்டையையே பார்ப்பார்.

நிலையத்தை நடத்தும் பங்குதாரர் குழுவின் பலம் தகவல்தான். எவ்வளவு நீர் மீள்கிறது, சவ்வு எத்தனை மாதம் தாங்குகிறது, கிலோ துணிக்கு என்ன செலவு என்ற கணக்கு நிலையத்தின் பதிவேட்டில்தான் இருக்கும். சலுகை கேட்கும் மனுவும் அந்த எண்களிலிருந்தே எழுதப்படுகிறது. 2011-இல் தமிழக அரசு அறிவித்த 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடனும் நிலையங்களை மையமாக வைத்தே திட்டமிடப்பட்டது. ஆனால் கழிவின் அளவுக்கேற்பக் கட்டணம் பகிரப்படும் அமைப்பில், ஜாப் ஒர்க்கை நம்பியிருக்கும் சிறு பட்டறையின் குரல் பெரிய பங்குதாரரின் குரலுக்கு இணையாகாது. ஆயக்கட்டு விவசாயிகளுக்கோ அந்த மேசையில் நாற்காலியே இல்லை. அவர்களுடைய கணக்கு நீதிமன்ற வாசலில்தான் கேட்கப்பட்டது.

சுத்திகரிப்பில் பெரும் முதலீட்டைப் போட்டுவிட்ட திருப்பூர் போன்ற ஊருக்கு, கடும் விதி மற்ற ஊர்களுக்கும் வருவதே ஆதாயம். ஜவுளித் தொழிலுக்கு நாடெங்கும் கழிவு வெளியேற்றத்தைத் தடுக்கும் வரைவை ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் 2015 அக்டோபரில் வெளியிட்டுக் கருத்துக் கேட்டது. ஓராண்டு கழித்து வந்த இறுதி அறிவிக்கையில் அது எல்லோருக்கும் கட்டாயமாகவில்லை. பாதிப்புக்கு எளிதில் உள்ளாகும் பகுதிகளின் பெரிய அலகுகளிடம் வாரியம் கேட்கலாம் என்ற அளவில் நின்றது.